கண்ணுக்குத் தெரியாத வெள்ளி

நன்னிலம்
18.1.2025

அன்புள்ள கயல்விழிக்குத் தாய்மாமன் ஐயாவு எழுதுவது.

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் அப்பவே சொன்னேன். நீ புனேக்கு வேலைக்குப் போக ரயில் ஏறின அன்றைக்கு, திருவாரூர் ஸ்டேஷனில் வைத்தே சொன்னேன். பக்கத்தில் நின்ற டிக்கெட் பரிசோதகர்கூட "ஐயா சொல்றதுல விஷயம் இருக்கு" என்று சொல்லி என் டிக்கெட்டைப் பார்க்காமலே போனார். வெள்ளியைக் கண்ணுக்குத் தெரியாத தூளாக்கி, கொழகொழவென்று ஒரு ஜெல்லில் கலந்து, அதைப் பட்டையாக்கிப் புண்ணில் ஒட்டுவது உங்கள் ஆராய்ச்சிக்கூடத்து எலிக்கு வேண்டுமானால் சரிப்படும், டெல்டாக்காரன் காலுக்குச் சரிப்படாது என்றேன். கேட்டாயா? சிரித்தாய். அப்புறம் ஒரு பத்திரிகை விஷயத்துக்காக என் போன் நம்பரையே பிளாக் பண்ணிவிட்டாய். அதனால்தான் இந்தக் கடுதாசி. போஸ்ட் ஆபீஸ் மெஹராஜ் பேகம் இன்லேண்ட் லெட்டரைத் தேடி எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்துவிட்டு, "இதை வாங்கற கடைசி ஆளு நீங்கதான்" என்று சொல்லிச் சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். மேலத்தெரு தாமரைக்கண்ணுவை உனக்கு ஞாபகம் இருக்கும். ஒல்லியாக, எதற்கும் "சரிங்க" என்று தலையாட்டிக்கொண்டு இருப்பானே, அவன்தான். இப்போது அவனை மாதிரி ஒரு அசட்டு ஆளை நம்ம தாலுகாவில் தேடினாலும் கிடைக்காது. மார்கழிக் கடைசியில் மடை உடைத்துக்கொண்டது. அடைக்கிறேன் என்று வெறுங்காலோடு இறங்கியிருக்கிறான். நத்தை ஓடு, இடது கால் சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் கிழித்திருக்கிறது. ஆளுக்குத் தெரியவே இல்லை! வீட்டுக்கு வந்து, தரையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு "யாரு வீட்டுக் கோழிய அறுத்தீங்க?" என்று கேட்டானாம். சர்க்கரைக்காரன். மாத்திரையை நினைத்தால் போடுவான், நினைக்காவிட்டால் பலகாரத்தைப் போடுவான்.

திருவாரூரில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தது என்ன தெரியுமா? உன் சரக்குத்தான். நீ செய்ததில்லை, வேறு எவனோ செய்தது, ஆனால் அதே வெள்ளி, அதே நானோ, அதே ஜெல். ஒட்டினால் மூன்று நாள் பிரிக்கக் கூடாதாம். நம்ம ஆள் காலையில் ஒரு தரம் பிரிப்பான், மத்தியானம் ஒரு தரம் பிரிப்பான். வெள்ளி எங்கே இருக்கிறது என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேடுவான். பளபளப்பே இல்லை. நாலைந்து நாளில் பட்டை கறுத்துப் போயிற்று. உடனே உப்புத் தண்ணீர் போட்டு நன்றாகக் கழுவிவிட்டுப் பழையபடி ஒட்டிக்கொண்டான்.

நானோ என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? சொசைட்டியில் யூரியா கேட்டபோது கூடவே நானோ யூரியா என்று ஒரு பாட்டிலைத் தலையில் கட்டினார்கள். இன்னும் பரணில் கிடக்கிறது. தட்டான் நகையில் ஒரு குந்துமணி குறைந்தாலே ஊர் கூடிக் கேட்கிறோம். நீங்கள் கண்ணுக்கே தெரியாத வெள்ளியைப் போட்டுவிட்டு, தெரியாததுதான் விசேஷம் என்கிறீர்கள். நல்ல தொழில்.

பட்டை ஏன் கறுக்கிறது என்று எழுது. அவன் கேட்கச் சொன்னான். எனக்குத் தெரியும், இருந்தாலும் நீ எழுது.

உன் அத்தை ஆனந்தவல்லி கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறாள், ஷோபனாவுக்கு மாசம் நெருங்கிவிட்டது. நான் இங்கே தனியாக ராஜா மாதிரி இருக்கிறேன். நான் வைக்கிற ரசத்துக்குத் தெருவே வருகிறது.

உன் மாமா,
ஐயாவு


புனே
27.1.2025

மாமாவுக்கு,

"அன்புள்ள" என்று எழுதப் பேனா ஓடவில்லை. "ஒரு பத்திரிகை விஷயம்" என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள். நிருபர் என்னைப் பற்றி எழுதத்தான் ஊருக்கு வந்தார். நீங்கள் அவரை உட்கார வைத்து, நம் பாட்டன் வெள்ளியை இழைத்துப் புண்ணில் தடவியதாகவும், அந்த ரகசியத்தைத்தான் நான் புனேக்குக் கொண்டுவந்து விற்பதாகவும் சொன்னீர்கள். படத்தோடு வந்தது. உங்கள் படம். எங்கள் காப்புரிமை வக்கீல் சிரிக்காமல் என்னிடம் கேட்டார், "உங்கள் பாட்டனார் இதை எந்த வருஷத்திலிருந்து பயன்படுத்தினார்?" என்று. நம் பாட்டன் ஆயுளில் ஒரு வெள்ளி டம்ளரைத் தொட்டிருப்பாரா மாமா? பண்ணையில் தேங்காய்ச் சிரட்டையில் கஞ்சி வாங்கிக் குடித்த மனுஷர். அவரைக்கூட உங்கள் பெருமைக்கு வைத்தியராக்கிவிட்டீர்கள்.

பதில் எழுதுவது உங்களுக்காக இல்லை, அந்த மனிதருக்காக.

கறுத்தால் அழுகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. வெள்ளி வெளிச்சம் பட்டாலும் புண்ணின் நீர் பட்டாலும் நிறம் மாறும். உங்கள் வீட்டுக் குத்துவிளக்கும் கறுக்கிறது, அதைக் குப்பையிலா போடுகிறீர்கள்? ஜெல்லின் வேலை, புண்ணைக் காயவிடாமலும் ஊறவிடாமலும் ஈரப்பதமாக வைத்திருப்பது. உள்ளே இருக்கிற வெள்ளித் துகள்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கிருமியைக் கொல்லும். ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் புதிதாக வருகிற தோலையும் சேர்த்துப் பிய்க்கிறார். உப்புத் தண்ணீர் இன்னும் மோசம். உப்பு அந்த வெள்ளியைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும், அப்புறம் அது வெறும் பசைதான். தடவிவிட்டு, தானே அதைச் செல்லாததாக்கிவிட்டு, மருந்து சரியில்லை என்கிறார் உங்கள் நண்பர். இதைவிட மூடத்தனம் இருக்க முடியாது.

புண் வலிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சர்க்கரையில் நரம்பு செத்துவிட்டால் வலிக்காது. வலிக்காத புண்ணைத்தான் ஆட்கள் விட்டுவிடுவார்கள், அப்புறம் காலையே எடுக்க வேண்டி வரும். டாக்டர் சொன்ன நாளில் மட்டும், டாக்டர் சொன்ன தண்ணீரில் கழுவி, புதுப் பட்டை மாற்றச் சொல்லுங்கள். சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். காலைக் கீழே ஊன்ற வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இதையாவது சேர்க்காமல் குறைக்காமல் சொல்லுங்கள்.

கயல்விழி


நன்னிலம்
4.2.2025

அன்புள்ள கயலுக்கு,

உன் கடுதாசியைத் தாமரைக்கண்ணுவிடம் வாசித்துக் காட்டினேன். டீக்கடையில் வைத்து, எல்லாரும் கேட்கிற மாதிரி. வாத்தியார் ஒருத்தர், கால்நடை டாக்டர் ஒருத்தர், நம்ம கவுன்சிலர் உட்பட இருபது பேர் இருப்பார்கள். கால்நடை டாக்டர் எழுந்து என் கையைப் பிடித்து, "நீங்க மட்டும் படிச்சிருந்தா" என்று சொல்லி அப்படியே நிறுத்திவிட்டார். உன்னுடைய விஷயத்தைத்தான் சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் சொன்ன விதம் இருக்கிறதே.

பாட்டன் விஷயத்தில் நீ கோபப்படுவது சரியில்லை. அவர் கையில் வெள்ளி இல்லாமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் தடவியிருப்பாரா மாட்டாரா? மாட்டார் என்று உன்னால் அடித்துச் சொல்ல முடியுமா? பத்திரிகையில் வந்தால் நாலு பேர் நம்ம குடும்பத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்றுதான் சொன்னேன். உன் படம் போடவில்லை என்றால் அது நிருபரின் குற்றம்.

இப்போது கேள். அந்த முட்டாள் செய்த காரியத்தை நீ நம்ப மாட்டாய். உன் கடுதாசி வருவதற்கு முந்தியே செய்துவிட்டிருக்கிறான். அவனுக்கு ஒரு ஞானம் பிறந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வெள்ளிக்கே இவ்வளவு பேர் என்றால், கண்ணுக்குத் தெரிகிற வெள்ளி எவ்வளவு வேலை செய்யும்? பிறக்கப்போகிற பேரப்பிள்ளைக்குத் தாய்வீட்டுச் சீருக்கென்று வாங்கி வைத்திருந்த வெள்ளி அரைஞாண்கொடியை எடுத்தான். பட்டைக்கு மேலே, இரண்டு விரலையும் சேர்த்து, இறுக்கிச் சுற்றினான். நழுவாமல் இருக்க மேலே துணியைக் கட்டினான். அப்படியே வயலுக்கும் போனான், அறுப்பு மிஷின் பின்னாலேயே நடந்தான், பொங்கலுக்கு வாங்கின புதுச்செருப்புக்குள் அந்தக் காலைத் திணித்துக்கொண்டு நன்னிலம் கடைத்தெருவுக்கும் போய் வந்தான். இப்போது சுண்டுவிரல் நாவற்பழ நிறத்தில் இருக்கிறது. பக்கத்தில் போனால் ஒரு வாடை. ஊதுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், சாமிக்கு வைத்த மாதிரி.

நான் தடுத்தேன். "அடேய், அது இடுப்புக்குச் செய்த கொடிடா, விரலுக்கு இல்லடா" என்றேன். கேட்டால்தானே. நம்ம ஊர்க்காரனுக்கு ஒரு மருந்து வேலை செய்யவில்லை என்றால் இரண்டு பங்கு போட வேண்டும், பூச்சிமருந்தாக இருந்தாலும் சரி, விபூதியாக இருந்தாலும் சரி. அப்படி ஒரு கூட்டம் இது. இவர்களுக்கு நடுவில் என்னை மாதிரி ஆள் காலம் தள்ளுவது எவ்வளவு கஷ்டம் என்று புனேயில் இருக்கிற உனக்குத் தெரியாது.

இருந்தாலும் கயல், அவன் யோசனையில் தப்பு எங்கே என்று எனக்கே பிடிபடவில்லை. வெள்ளிதானே கிருமியைக் கொல்கிறது என்றாய்? கொடியும் வெள்ளிதானே? நல்ல கெட்டி வெள்ளி. எழுது.

என் பேச்சில் நம்பிக்கை இல்லையென்றால் நீயே அவனிடம் பேசிக்கொள். நம்பர் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பேசு, மற்ற நேரம் எடுக்க மாட்டான். கூச்சக்காரன், அதிகம் பேச மாட்டான். நீ பேசினால் போதும்.

உன் மாமா,
ஐயாவு


புனே
11.2.2025

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்த சாயங்காலமே பேசிவிட்டேன். நீங்கள் முட்டாள், அசடு என்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு முரடரை எதிர்பார்த்தேன். பாவம், மரியாதையான மனிதர். இருமிக்கொண்டே இருந்தார், நான் சொன்னதற்கெல்லாம் "சரிம்மா" என்றார், ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. நம் ஊரில் குறுக்கே பேசாத ஓர் ஆண்பிள்ளையை இப்போதுதான் கேட்கிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம்.

மரியாதையாகப் பேசினார் என்பதற்காக நான் விட்டுவிடவில்லை. நன்றாகத் திட்டினேன். கொடியை அறுத்தாவது உடனே எடுக்கச் சொன்னேன். அது மருந்து இல்லை, தூக்குக்கயிறு. ரத்தம் போகாமல் விரலைக் கொன்றிருக்கிறது. உங்கள் கேள்விக்குப் பதில், அவருக்குச் சொன்ன மாதிரியே: யூரியா மூட்டையைப் பிரிக்காமல் வயல் மூலையில் நிறுத்திவிட்டு வந்தால் பயிர் பச்சை பிடிக்குமா? தெளித்தால்தானே பிடிக்கும். கெட்டி வெள்ளி அந்த மூட்டை. அதிலிருந்து வெளியே வருவது மிகக் கொஞ்சம். துகளைச் சிறிதாக்கச் சிறிதாக்கத்தான் அதன் மேற்பரப்பு கூடும், புண் முழுக்கப் போய்ச் சேரும். நாங்கள் வெள்ளியைத் திருடவில்லை மாமா, தெளிக்கிறோம்.

இனி ஜெல்லும் பட்டையும் வீட்டில் ஒட்டிக்கொள்கிற கட்டம் தாண்டிவிட்டது. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகச் சொன்னேன். "சரிம்மா" என்றார். போனாரா என்று ஒரு வரி எழுதுங்கள்.

நேற்றும் அந்த நம்பரைக் கூப்பிட்டேன். வேறு யாரோ எடுத்து, "அவரு இல்லைங்க" என்று வைத்துவிட்டார்.

கயல்விழி


(தபால் அட்டை)
நன்னிலம்
15.2.2025

கயல்,

போகவில்லை. கொடியை எடுத்துவிட்டான். கூடவே தோலும் கொஞ்சம் வந்தது. ஆஸ்பத்திரி என்றால் மாட்டேன் என்கிறான். உள்ளே போனால் விரலை எடுப்பார்கள், விரலில் ஆரம்பித்தால் முழங்காலில்தான் நிறுத்துவார்கள் என்று யாரோ சொன்னார்களாம். ஊரில் தலை நிமிர்ந்து நடந்தவன், நொண்டிக்கொண்டு டீக்கடைக்கு எப்படிப் போவது என்கிறான். இவன் தலை நிமிர்ந்து நடந்து யார் பார்த்தது? வயல்வேலை வேறு கிடக்கிறது என்கிறான். எல்லாம் சாக்கு. பயம். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு பயம். என்ன செய்யச் சொல்கிறாய்?

ஐயாவு


புனே
19.2.2025

மாமா,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். உடனே படியுங்கள்.

பயந்தாங்கொள்ளிக்குச் சமாதானம் சொல்ல எனக்குத் தெரியாது. உண்மையைத்தான் சொல்ல முடியும். விரல் போனால் செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு நடக்கலாம். இன்னும் பத்து நாள் வீட்டில் உட்கார்ந்தால் கால் போகும். அதற்குமேல் உட்கார்ந்தால் கிருமி ரத்தத்தில் ஏறி ஆளே போவார். மூன்றில் எது வேண்டும் என்று கேளுங்கள். நொண்டுவதற்கு வெட்கப்படுகிறாராம். புண்ணுக்கு அரைஞாண்கொடி கட்டியபோது வெட்கம் எங்கே போயிருந்தது? போனில் "சரிம்மா, சரிம்மா" என்று சொன்னதெல்லாம் என்னைக் கழற்றிவிடத்தானா? மரியாதையான மனிதர் என்று எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். முட்டாள்தனத்தோடு கோழைத்தனமும் இருக்கிற ஆளுக்கு மருந்து செய்வதற்காகத்தான் நாங்கள் ராப்பகலாக உட்கார்ந்திருக்கிறோமா என்று வெறுப்பாக இருக்கிறது. அவருக்கு நான் எழுதினேன் என்றே வாசித்துக் காட்டுங்கள்.

உங்களுக்கு ஒன்று. உங்கள் வாயால் இதுவரை ஒருவருக்கும் ஒரு நன்மையும் நடந்ததில்லை. கஞ்சிக்கு இல்லாத பாட்டனை நானோ வைத்தியர் என்று ஒரு நிருபரை நம்பவைத்த வாய் அது. அந்த வாயால் ஒரே ஒரு ஆளைப் பேசிப் பேசி பஸ்ஸில் ஏற்ற முடியாதா? முடிந்தால் செய்யுங்கள். செய்தால் உங்கள் நம்பரைத் திறந்துவிடுகிறேன்.

கயல்விழி


தஞ்சாவூர், ஆஸ்பத்திரி வார்டு
3.3.2025

அன்புள்ள கயலுக்கு,

ஏற்றிவிட்டேன்! பஸ்ஸில் இல்லை, காரில். உன் கடுதாசியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஆளை எதிரே உட்காரவைத்து ஒரு பகல் முழுக்கப் பேசினேன். அப்படி ஒரு பேச்சை நான் என் ஜென்மத்தில் பேசியதில்லை. முதலில் அதட்டினேன். அப்புறம் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேர் பார்க்க நிற்க ஒரு காலாவது வேண்டாமாடா என்றேன். அழுதான். "நீங்க மட்டும் இல்லேன்னா" என்றான். தெருவே வாசலில் நின்று கேட்டது. மெஹராஜ் பேகம் போஸ்ட் ஆபீஸைப் பூட்டிவிட்டு வந்து கேட்டது என்றால் பார்த்துக்கொள்.

இங்கே பெரிய டாக்டர் பார்த்ததும் என்னைத்தான் கேட்டார், "சரியான நேரத்தில் கொண்டுவந்தது யாரு?" என்று. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் போய்விட்டன. கால் நின்றுவிட்டது. அறுத்த இடத்தில் இப்போது என்ன ஒட்டியிருக்கிறார்கள் தெரியுமா? அதேதான். ஜெல், வெள்ளி, நானோ. நர்ஸ் மாலதி அதைப் பக்கத்தில் பார்க்கக்கூட விடுவதில்லை, விரல் நீண்டால் கையில் ஒரு அடி வைக்கிறது. நேற்று மாற்றும்போது சதை சிவப்பாக, நல்லபடியாக இருக்கிறது என்று சொன்னது. உன் பசை வேலை செய்கிறது என்று நான் ஒத்துக்கொண்டதாக நினைக்காதே. மாலதி ஒத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இவ்வளவும் நிஜம், கயல். டீக்கடையில் இருபது பேர் என்று முன்னே எழுதினேனே, ஏழு பேர் இருக்கும். கால்நடை டாக்டர் அன்றைக்கு வரவில்லை. அதெல்லாம் சும்மா ஒரு தாளிப்பு. ஒரே ஒரு விவரத்தை மட்டும் திருத்த வேண்டும்.

மடை நிஜம். நத்தை நிஜம். கொடி நிஜம். தாமரைக்கண்ணுதான் பொய்.

அவனுக்குச் சர்க்கரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, இரண்டு காலும் கல் மாதிரி இருக்கிறது. சாயங்காலம் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "பொய் சொல்றீங்க மாமா, அந்தப் பொண்ணு எவ்வளவு அக்கறையா பேசுது" என்று தலையில் அடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். நீ திட்டிக்கொண்டே இருந்தாய். நான் கூடப் பேசினால் குரல் தெரிந்துவிடும், அதனால் இருமலோடு இருமலாக "சரிம்மா" மட்டும் சொன்னேன். மறுநாள் நீ கூப்பிட்டபோது எடுத்தவன் அவன். எனக்கு மறுபடி பேசத் தைரியம் இல்லை.

உன் விரைவுத் தபாலை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. தனியாக வாசித்தேன். கோழைத்தனம் என்று எழுதியிருந்த வரியை மறுபடியும் வாசித்தேன். மறுநாள் காலையில் தாமரைக்கண்ணு வந்து, ஒன்றும் கேட்காமல் என்னைத் தூக்கிக் காரில் போட்டான். ஒரு பகல் முழுக்கப் பேசினது நான்தான், கேட்டதும் நான்தான். அழுததும் அப்படியே வைத்துக்கொள். அவனுக்கு விரல் போச்சு என்று உனக்கு எழுதிவிட்டேன், அவன் எனக்கு இட்லி வாங்கிவரப் போயிருக்கிறான்.

நீ திட்டினது ஒன்றும் வீண் போகவில்லை. எல்லாம் சரியான விலாசத்துக்குத்தான் வந்து சேர்ந்தது.

ஷோபனாவுக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம். உன் அத்தை புதன்கிழமை ஊருக்குத் திரும்புகிறாள், இதில் ஒரு வார்த்தைகூட அவளுக்குத் தெரியாது. நீதான் போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நான் சொன்னால் நம்பமாட்டாள்.

உன் மாமா,
ஐயாவு